லீவு வந்துவிட்டது என்றொரு மின்னஞ்சல்

1

இந்த வாரம் மறுபடியும் சொல்லிவிட்டார்கள். மின்னஞ்சலைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று கிடங்கு ஆட்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். மஸ்கட்டில் கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவு எழுத்தர் நான். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது. தமிழ் தெரியும், ஹிந்தியைச் சமாளிப்பேன், மலையாளம் புரியும் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

போன வருடம் எடுத்த வகுப்பைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். உட்கார்ந்தால் ஓடவில்லை. அந்த வகுப்பில் முதல் வரிசையில் இருந்தவரிடமே போன வெள்ளிக்கிழமை கேட்டேன். "எழுதுங்க பாய். நாலு பேரு படிச்சு உசாரா இருக்கட்டும். பேரை மட்டும் மாத்திப் போடுங்க" என்றார். அதனால் அவர் பெயர் இங்கே கருப்பசாமி.

எனக்கு அருப்புக்கோட்டை. என் தகப்பனார், அத்தா, சாக்கு வியாபாரம் செய்தார். மல்லிக்கும் வத்தலுக்கும் சாக்கு எடுக்க வருகிற வெள்ளாமைச் சம்சாரிகளும் தரகர்களும் கடையில் வந்து உட்கார்ந்து செய்தி சொல்வார்கள். காரியாபட்டிப் பக்கம் மழை பெய்தது, திருச்சுழி தாலுகா ஆபீசில் நிவாரணத்துக்கு எழுதுகிறார்கள் என்று. அத்தா எந்தச் செய்திக்கும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யாரு சொன்னது?" சொன்ன ஆள் யார் என்று தெரிந்த பிறகுதான் என்ன சொன்னான் என்பதற்கே வருவார். ஊரில் எல்லோருமே அப்படித்தான் கேட்போம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தாக வந்துவிட்டால், படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் அந்தக் கேள்வி மறந்துபோகிறது. திரையில் வந்தால் அரசாங்க முத்திரை குத்தி வந்த மாதிரி ஒரு நம்பிக்கை.

2

கருப்பசாமிக்கு எம்.ரெட்டியபட்டி. கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. முதல் முறை என் மேசைக்கு வந்து ஏதோ கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரி சார், போயிட்டு வாரேன்" என்றார். அந்த "வாரே"னிலேயே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. ஊர் பெயரைச் சொன்னதும் சார் போய் பாய் ஆகிவிட்டேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது எங்கள் வீட்டில் சாப்பிடுவார். என் மனைவி மும்தாஜ் வைக்கிற தால்ச்சாவுக்காகவே வருவதாகச் சொல்வார். எங்கள் மகள் ஷிஃபா அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி பிரெஞ்சு.

கருப்பசாமிக்கும் ஒரே மகள், முத்துமாரி. அருப்புக்கோட்டை காலேஜில் படித்து முடித்திருந்தாள். காரியாபட்டியில் ஒரு நல்ல இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை தினமும் மதுரைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிற பையன். மாப்பிள்ளை வீட்டார் ஆவணியிலேயே முடிக்க வேண்டும் என்றார்கள். பெண் வீட்டார் தை வரை தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம், கருப்பசாமியின் லீவு. ஒப்பந்தப்படி தையில்தான் அவர் ஊருக்குப் போக முடியும். முன்னதாக வேண்டும் என்று விண்ணப்பம் போட்டிருந்தார். "கல்யாணத்தன்னைக்கு அப்பா இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்னு புள்ள சொல்லுது பாய்" என்று பெருமையும் கவலையுமாகச் சொல்வார்.

அந்த வருடம்தான் கம்பெனியில் காகிதத்தை எல்லாம் ஒழித்தார்கள். சம்பளச் சீட்டு, லீவு, மருத்துவ அட்டை, எல்லாமே மின்னஞ்சல் வழிதான் என்று உத்தரவு. கிடங்கில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை.

கருப்பசாமிக்கு அதற்கு முன்னும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்ததாம். பாஸ்போர்ட்டுக்காகத் திருச்சுழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போட்டுக் கொடுத்தது. அதன் கடவுச்சொல் சென்டர்காரருக்குத்தான் தெரியும். ஊரில் பாதிப் பேர் கதை இதுதான். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு வர மாட்டோம். ஆதாரும் பான் கார்டும் பேங்க் விவரமும் வந்து விழுகிற பெட்டிக்கு மட்டும் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது அப்படி வைத்திருந்தால், இன்றைக்கே உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் போன் நம்பர்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3

ஒரு வியாழக்கிழமை மாலை கருப்பசாமிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. உங்கள் லீவு விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பயணச்சீட்டு விவரத்துக்கு இங்கே அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் 'அப்ரூவ்டு' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் தெரியும். அழுத்தினார். பணியாளர் எண் கேட்டது, போட்டார். கடவுச்சொல் கேட்டது, அதையும் போட்டார். 'நன்றி' என்று வந்து நின்றது.

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். பாண்டியம்மாள், அவர் மனைவி, வெள்ளாமைக் காட்டில் நின்றவர் அப்படியே வீட்டுக்கு ஓடினாராம். வெள்ளி, சனி எங்களுக்கு விடுமுறை. அதற்குள் ஊரில் எல்லாம் நடந்துவிட்டது. பாண்டியம்மாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு காரியாபட்டிக்குப் போய், அவுக வந்துருவாக, ஆவணியிலேயே வச்சுக்கிறலாம் என்று சம்மதம் சொல்லிவிட்டார். மறுநாளே முகூர்த்தம் குறித்தார்கள். மண்டபத்துக்குச் சொல்லி, அருப்புக்கோட்டையில் பத்திரிகை அடிக்கவும் கொடுத்துவிட்டார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. என்னிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாராம்.

4

அந்த மின்னஞ்சலை அனுப்பியது எங்கள் கம்பெனியேதான். ஆட்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க வைத்த பரீட்சை.

வெளியிலிருந்து திருடர்கள் இப்படித்தான் அனுப்புவார்கள். யாரோ ஒருவர் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும், கம்பெனிக் கணக்கு முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும். அதனால் நாங்களே பொய் மின்னஞ்சல் அனுப்பிப் பார்ப்போம், யார் விழுகிறார்களோ அவர்களுக்கு வகுப்பு எடுப்போம் என்று கம்ப்யூட்டர் பிரிவின் பிரசாத் ஏற்பாடு செய்திருந்தார். பரீட்சை என்பதால் நிர்வாகப் பிரிவில் எங்களுக்கும் சொல்லவில்லை. ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டு, விழுந்தவர்களின் பெயர்களைக் கொடுத்து, "நாளைக்கு இவர்களுக்கு உங்கள் மொழியில் சொல்லிக்கொடுங்கள்" என்றார். எந்த மின்னஞ்சலில் விழுந்தார்கள் என்று கேட்டேன். கிடங்குக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று வேறு வேறாக அனுப்பியதாகச் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கூட்ட அறையில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கருப்பசாமி கடைசியாக வந்தார். கிடங்குச் சீருடை இல்லை. தேய்த்த சட்டை, தலை வாரி, கையில் ஒரு டப்பா ஓமன் அல்வா. நேராக என்னிடம் வந்தார்.

"மொதல்ல நீங்க எடுங்க பாய். லீவு வந்துருச்சு. ஆவணியில மாரிக்குக் கல்யாணம்."

"அப்படியா! எப்போ வந்தது?"

"வியாழக்கிழமை மெயிலு வந்துருச்சுல்ல. டிக்கெட்டு குடுக்கத்தான கூப்பிட்டாக?"

அப்போதுதான் பிரசாத் கொடுத்த காகிதத்தை முழுதாகப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எந்த மின்னஞ்சல் என்று குறித்திருந்தது. லீவு, லீவு, லீவு, லீவு.

அவரைத் தனியாக வெளியே கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. மற்றவர்கள் அல்வாவைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றபடி, "கருப்பசாமி, அது நெசமான மெயில் இல்லப்பா. டெஸ்ட்டுக்கு அனுப்புனது" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "இல்ல பாய், அப்ரூவ்டுன்னு போட்டுருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றார். மறுபடியும் சொன்னேன். இப்போது புரிந்தது. டப்பாவை மேசையில் வைத்தார்.

"வெளாட்டுக்கா அனுப்புனாக?"

"வெளாட்டு இல்ல, உசாரா இருக்கமான்னு..."

"பத்திரிக்கை அடிச்சாச்சு பாய்."

5

பிரசாத்திடம் போய்ச் சண்டை போட்டேன். இத்தனை வருடத்தில் அலுவலகத்தில் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். அவர் கோபப்படவில்லை. "திருடன் அனுப்பினால் எதை அனுப்புவான் என்று நினைக்கிறீர்கள்? அவர்கள் எதற்காக ஏங்குகிறார்களோ அதைத்தானே அனுப்புவான்?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் திருடன் செய்வதை எல்லாம் நாம் செய்து பார்க்க வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். இனிமேல் லீவை வைத்துப் பரீட்சை வைப்பதில்லை என்று பிறகு அவராகவே நிறுத்திக்கொண்டார்.

வகுப்பை எடுத்துத்தான் ஆக வேண்டும். மறுநாள் எடுத்தேன். இந்த ஏமாற்று வேலைக்கு 'ஃபிஷிங்' என்று பெயர் என்றதும் பரமக்குடிக்காரர் ஒருவர், "மீன் பிடிக்கிறதுக்கு எதுக்கு சார் ட்ரெய்னிங்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், கருப்பசாமியைத் தவிர.

அனுப்பியவர் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பக்கத்தில் இருக்கிற முழு முகவரியைப் பாருங்கள் என்றேன். நம் கம்பெனி முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினேன். மின்னஞ்சலில் இருக்கிற சுட்டியை, அதாவது லிங்க்கை, அழுத்தி வருகிற பக்கத்தில் கடவுச்சொல்லைப் போடாதீர்கள். பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் கணக்கை மூடிவிட்டு எழுந்திருங்கள். அவசரம், உடனே, இன்றைக்குள் என்று எழுதியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். லீவு, டிக்கெட், பரிசு என்று வந்தால் தொடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் அனுப்பியவரை நேரிலோ போனிலோ கேளுங்கள் என்றும் சொன்னேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதைக் கடைசியில், நாற்காலிகள் நகர்கிற சத்தத்துக்கு நடுவில் சொன்னேன்.

6

அந்த வாரமே மனிதவள மேலாளரைப் பார்த்தேன். கடுமையான மனிதர் என்று பெயர். முழுவதையும் கேட்டார். "நம் மின்னஞ்சலை நம்பித்தானே திருமணத் தேதி வைத்திருக்கிறார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். "பார்க்கிறேன்" என்றார். கருப்பசாமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு ஆசையைக் கொடுத்து அது நடக்காமல் போனால் என்ன செய்வது என்று பயம்.

அடுத்த வாரம் எனக்கு லீவு. ஷிஃபாவுக்கு அயர்லாந்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. விசா மையத்துக்கு அலைந்தோம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் எப்படி மகளுக்குக் குடும்பப் பெயராக இருக்கும் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் என்று நான் தடுமாறி விளக்கினேன். ஷிஃபா இடையில் புகுந்து அவளுடைய வேகமான ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டாள். தொடர்புக்கு மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். வழக்கம்போல என்னுடையதை எழுதப்போனேன்.

"வேணாம் அத்தா. என்னோடத குடுங்க. இனிமே எனக்கே நேரா வரட்டும்."

நியாயமான பேச்சுதான். அதுவரை அவளுடைய பள்ளிக்கூடத்துச் செய்திகள் எல்லாம் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தன. பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை கிடங்குப் பக்கம் போனேன். கருப்பசாமி எதிரில் வந்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"பாய், மறுபடியும் அனுப்புனாங்கெ பாய்."

"என்னது?"

"அதே மாதிரிதேன். லீவு அப்ரூவ்டாம். ரெண்டு நாளைக்குள்ள பதில் போடணுமாம். அவசரம்னு போட்டாலே சந்தேகப்படச் சொன்னீகள்ல? தொடவே இல்ல. டெலிட்டு பண்ணிட்டேன். இந்தத் தடவ நான் ஏமாறல."

"எப்போ வந்தது கருப்பசாமி?" என்று கேட்டேன். போன வாரத் தொடக்கத்தில் என்றார். கம்ப்யூட்டருக்குக் கூட்டிப்போய், அழித்தவை கிடக்கிற குப்பைப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அங்கே இருந்தது. அனுப்பியவர் மேலாளர். முகவரி ஒவ்வோர் எழுத்தாகச் சரி. திருமணத்துக்குப் போய்த் திரும்பும் தேதிகளை எழுதி உறுதி செய்யவும், இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இந்த இடம் அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது.

இந்த முறை தனியாகக் கூட்டிப்போனேன். இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் நின்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப எதைத்தேன் பாய் நம்புறது?" என்று கேட்டார்.

7

மேலாளரிடம் இருவரும் ஓடினோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இடம் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. நேபாளத்துக்காரர், கருப்பசாமியோடு அதே கிடங்கில் இருப்பவர், அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு பேரை விட முடியாது. "அவரை வேண்டுமானால் நிறுத்திக் கேட்டுப்பார்க்கிறேன்" என்று மேலாளர் இழுத்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கருப்பசாமி தலையை ஆட்டினார்.

"வேணாம்னு சொல்லுங்க பாய். அவன் பெட்டி கட்டிட்டான். அவங்க அம்மாகிட்ட சொல்லியிருப்பான்."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அவருடைய தம்பிதான் மாப்பிள்ளையிடம் பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்தார். வீடியோவில் பார்க்கலாம் என்று என் வீட்டுக்கு வரச் சொன்னேன். "போன்ல பிடிச்சுக் குடுக்க முடியுமா பாய்?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு லீவு கூடக் கேட்காமல் லோடு இறக்கப் போய்விட்டார். மும்தாஜ் அன்று பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு கிடங்கு வாசலுக்கு வந்தாள். வாங்கிக் குடித்தார்.

நேபாளத்துக்காரர் திரும்பி வந்த பிறகு இவர் ஊருக்குப் போனார். சென்னை வழியாக மதுரையில் இறங்கினால், ஊருக்குப் போகிற வழியில் காரியாபட்டி. வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு அங்கேயே இறங்கிவிட்டாராம்.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னார். ஷிஃபா போய்விட்டதால் நாங்கள் மூன்று பேர்தான். முத்துமாரி கதவைத் திறந்தாளாம். "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, மாமியாரைக் கூப்பிட உள்ளே போனாளாம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளாம். இலை போட்டு, வந்த விருந்தாளிக்குப் பரிமாறுவது போல, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாளாம்.

"கல்யாணத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலயா?" என்று மும்தாஜ் கேட்டாள்.

"ஆல்பத்தக் காட்டுச்சு. இவுக இன்னாரு, அவுக இன்னாருன்னு மாப்பிள்ள வீட்டு ஆளுகளையெல்லாம் சொல்லிக் குடுத்துச்சு." கருப்பசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஏம்ப்பா வரலன்னு கேக்கும்னு நெனச்சேன். சொல்றதுக்கு எல்லாத்தையும் மனசுல அடுக்கி வச்சுக்கிட்டுத்தேன் போனேன். அது கேக்கவே இல்ல பாய்."

மும்தாஜ் தால்ச்சா ஊற்ற எழுந்தாள். அவர் இலையை மறைத்தார்.

"கேட்டுருந்தா நல்லாருந்துருக்கும்" என்றார்.